திறக்காத கதவு

நந்திதா தாஸ் 2008-இல் இயக்கிய ‘ஃபிராக்’ என்ற இந்திப் படத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுகிறேன். 2002 குஜராத் கலவரம் முடிந்து ஒரு மாதம் கழித்து, ஒரே நாளில் நடக்கும் கதை.

தீப்தி நவல் இல்லத்தரசியாக வருகிறார். கலவரத்தில் உயிருக்குப் பயந்து கதவைத் தட்டிய முஸ்லிம் பெண்ணுக்கு அவர் திறக்கவில்லை. அந்த உறுத்தலில் தன் கையில் தானே சூடு வைத்துக்கொள்கிறார். அவர் யாரையும் அடிக்கவில்லை, திறக்கவில்லை, அவ்வளவுதான்.

போன வருடம் நம் கூட்டத்தில், “அவங்களுக்கு வீடு வாடகைக்குக் கொடுக்க வேண்டாம்” என்று ஒருவர் சொன்னார். நான் வரவு செலவு அறிக்கையைப் புரட்டிக்கொண்டு பேசாமல் இருந்தேன். வங்கியில் ஆயுள் முழுக்கக் கணக்கு எழுதியவன். இந்தக் கணக்கு மட்டும் நேராகவில்லை.

அடுத்த முறை பேசுவேன்.