துடுப்பு பிடித்த கை

(சாரத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்போது ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறோம். பெயர் பிராச்சி யாதவ். மத்தியப் பிரதேசத்தில் குவாலியரைச் சேர்ந்தவர். இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில்தான் போய்வர வேண்டும்.

முதலில் நீச்சல் போட்டிகளில் கலந்துகொண்டார். கை பலத்தைப் பார்த்த பயிற்சியாளர் ஒருவர், படகுப் போட்டிக்குப் போகலாமே என்றார். போபால் ஏரியில் பயிற்சி தொடங்கியது.

நம்ம சுண்ணாம்பாறு படகு மாதிரி அகலமான படகு இல்லைங்க அது. ஒரே ஒரு ஆள் உட்காரும் ஒடுங்கின படகு. பக்கத்தில் ஒரு மிதவை. திருப்புவதற்குச் சுக்கான் கிடையாது. ஒற்றைத் துடுப்பாலேயே தள்ளவும் வேண்டும், நேராக ஓட்டவும் வேண்டும். தூரம் 200 மீட்டர். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான்.

2021-இல் நடந்த டோக்கியோ பாராலிம்பிக்கில் இந்தப் போட்டியில் இறங்கிய முதல் இந்தியர் இவர்தான். இறுதிப் போட்டி வரை போய் எட்டாவதாக வந்தார். பதக்கம் இல்லை. அதோடு விட்டாரா? 2022-இல் போலந்தில் நடந்த உலகக் கோப்பையில் வெண்கலம். 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டில் ஒரு வெள்ளி, ஒரு தங்கம். 2024 ஜனவரியில் குடியரசுத் தலைவர் கையால் அர்ஜுனா விருது. அதே ஆண்டு பாரிஸில் மறுபடியும் எட்டாவது இடம். ஜெயித்தாலும் தோற்றாலும் தண்ணீரை விட்டு அவர் விலகவில்லை.

விருது வந்த பிறகு கைதட்டுவது சுலபம். முதல் நாள் அந்தப் பெண்ணை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனாங்களே, அதுதான் பெரிய காரியம்.

இப்போ நம்ம தெருவுக்கு வருவோம். குழுவில் சேர்க்கலாமா என்று நாம் கேட்கும்போது என்ன பதில் வருகிறது? "பாவம், அவளால மீட்டிங்குக்கு வர முடியாது. கடனை எப்படிக் கட்டுவா?" சகோதரிகளே, பாவம் பார்த்தே ஒரு பெண்ணை வீட்டுக்குள் பூட்டிவைக்கிறோம். தையல், கணக்கு, பலகாரம் என்று அவளுக்கு என்ன கைவரும் என்று நாம் கேட்டதே இல்லை.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. வறுமை ஒழிப்புத் திட்டங்களில் அவர்களுக்கு 5 சதவீதம் ஒதுக்கச் சொல்கிறது. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில் மாற்றுத்திறனாளிகள் 5 பேர் சேர்ந்தாலே தனிக் குழு தொடங்கலாம். இது சலுகை இல்லை, உரிமை.

அடுத்த கூட்டத்துக்குள் மூன்று வேலை செய்வோம். நம் தெருவில் வீட்டோடு இருக்கும் பெண்களைப் போய்ப் பார்ப்போம். அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு விண்ணப்பிக்க உதவுவோம். வர முடியாதவர் வீட்டுத் திண்ணையிலேயே ஒரு வாரக் கூட்டத்தை நடத்துவோம். இதைத் தீர்மான நோட்டில் இன்றே எழுதிக் கையெழுத்துப் போடுவோம்.