பட்டியலில் இல்லாத கண்மாய்

(பிப்ரவரி 2, உலக ஈரநில நாளில் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)

ஏலத்தோட்டத்து ஜீப்பை விட்டுட்டு வந்திருக்கிற அக்கா, தங்கச்சிகளே! ஒரு நாள் கூலியை விட்டு வந்திருக்கீங்க. அதனால சுருக்கமாப் பேசுறேன்.

ஈரநிலம் என்றால் தண்ணீர் தங்குகிற நிலம். கண்மாய், குளம், சதுப்பு, கடலோரக் கழிமுகம் எல்லாம் அதில் சேரும். இவற்றைக் காப்பாற்ற 1971 பிப்ரவரி 2-ஆம் தேதி ஈரான் நாட்டில் ராம்சார் என்ற ஊரில் பல நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்தன. அதனால்தான் இந்த நாளைக் கொண்டாடுகிறோம். இன்று 170-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. உலகம் முழுவதும் 2,400-க்கும் அதிகமான இடங்கள் ராம்சார் பட்டியலில் உள்ளன.

தமிழ்நாட்டில் முதலில் 2002-ல் கோடியக்கரை சேர்ந்தது. அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் எதுவும் சேரவில்லை. 2022-ல்தான் வேடந்தாங்கல், கூந்தன்குளம், பிச்சாவரம், பள்ளிக்கரணை என்று வரிசையாக அறிவித்தார்கள். 2024-ல் கோத்தகிரி லாங்வுட் சோலை சேர்ந்தது. அது மலங்காடு. ஆனாலும் மழையைப் பிடித்து வைத்து, கீழே உள்ள ஊர்களுக்குக் குடிதண்ணீர் கொடுக்கிறது. 2025-ல் ராமநாதபுரம் மாவட்டத்துச் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்களும் சேர்ந்து மொத்தம் 20 ஆச்சு.

அந்த இருபதில் நம்ம தேனி மாவட்டத்து இடம் ஒன்றுகூட இல்லை. அப்புறம் நமக்கென்ன என்றுதான் நானும் முதலில் நினைச்சேன்.

ஆனால் வேடந்தாங்கலைப் பாருங்க. அந்த ஏரியைப் பட்டியல் வந்து காப்பாற்றவில்லை. பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798-லேயே ஊர்க்காரங்க அன்றைய கலெக்டரிடம் எழுத்தில் உரிமை வாங்கிட்டாங்க. பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவங்களுக்குத் தெரியும். கூந்தன்குளத்தில் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்குக்கூட வெடி போட மாட்டாங்க. ஊர் காத்தது முதலில். பட்டியல் வந்தது பிறகு.

பள்ளிக்கரணையில் அப்படியே தலைகீழ். குப்பையும் கட்டடமும் அந்தச் சதுப்பில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டன. 2015 மழையில் சுற்றுவட்டாரத்து வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை டிவியில் பார்த்தோம். பட்டியலில் சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

இப்போ நம்ம கதைக்கு வர்றேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்க வீட்டு போரில் தண்ணீர் நின்னுபோச்சு. குழுவில் முப்பதாயிரம் கடன் வாங்கி இன்னும் ஆழமா இறக்கினோம். இன்னும் தவணை கட்டிக்கிட்டிருக்கேன். அந்த வருஷம் மழை நல்லாத்தான் பெய்தது. ஆனா கண்மாய்க்கு வர்ற ஓடை அடைத்துக் கிடந்ததால் தண்ணீர் ரோட்டுல ஓடி வீணாப்போச்சு. கண்மாய் நிறைந்தால்தானே கிணறும் போரும் ஊறும்? அந்த அடைப்பைப் போய்ப் பார்த்தேன். கேரிப்பையும் பழைய துணியும் குவிஞ்சு கிடந்தது. அதுல எங்க வீட்டுப் பையும் இருந்திருக்கும். நானும் அங்கேதான் கொட்டிக்கிட்டிருந்தேன்.

நம்ம குழுக் கடன் நோட்டைப் புரட்டிப் பாருங்க. போர் போட, மோட்டார் மாத்த என்று எத்தனை பேர் வாங்கியிருக்கோம்! கண்மாய் காய்ந்தால் அந்தச் செலவு நம்ம தலையில்தான் விழும்.

மலைக்கு வேலைக்குப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. மருந்தடிக்கிற டேங்கையும் காலி டப்பாவையும் ஓடையில் கழுவ விடாதீங்க. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கழுவினால் கேரளாவுக்குப் போகும். இந்தப் பக்கம் கழுவினால் கொட்டக்குடி ஆற்றில் இறங்கி நம்ம ஊருக்கே வரும். ரெண்டும் யாரோ குடிக்கிற தண்ணீர்தான். கொட்டக்குடி ஆறு வைகையில் சேர்கிறது. வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரைக்கும் போகிறது. சக்கரக்கோட்டையும் அந்தப் பக்கம்தான். பட்டியலில் இருக்கிற கண்மாய் நமக்கு அவ்வளவு தூரமில்லை.

நான் கேட்கிறது ரெண்டே காரியம். ஒவ்வொரு குழுவும் இந்த மாதக் கூட்டத்தில், ஓடையிலும் கண்மாய்க் கரையிலும் குப்பை கொட்ட மாட்டோம் என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். மார்ச் 22, உலக தண்ணீர் தினத்துக் கிராம சபைக்கு எல்லாரும் போவோம். வரத்து ஓடையைத் தூர்வாரணும், ஊரக வேலைத் திட்டத்தில் அதை எடுக்கணும் என்று கேட்போம். வாயால் சொல்லிட்டு வந்துடாதீங்க. தீர்மானத்தில் எழுதி, வாசிக்கச் சொல்லிக் கேட்டபிறகு எழுந்திரிங்க.

அன்றைக்கு முதல் ஆளா நான் வந்து உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பக்கத்தில் நீங்களும் இருக்கணும்.