இளையோர் தடகளமும் பெற்றோர் கடமையும்

(நெய்வேலி நகரியத்தில் நடைபெற்ற நமது சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

பரீக்ஷைகளில் முதன்மையாகத் தேறிய மாணவ மாணவியர்க்கு இம்மேடையில் சற்று முன்னர்ப் பரிசளித்தீர்கள். அது கண்டு மகிழாதார் இவ்வவையில் ஒருவரும் இலர். கல்வியே ஒரு சமூகத்தின் கண் என்பது நம் பெரியோர் கொண்ட கொள்கை. அக்கொள்கையால் நாம் அடைந்த நன்மைகளை ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. ஆயினும், கண் ஒளியுடன் விளங்கக் காலும் கையும் சோர்ந்து கிடக்குமாயின், அவ்வுடலை நிறைவுடையது என்போமா? ஆதலின், உலக நாடுகளின் இளைஞர்கள் ஓரிடத்துக் கூடி, ஓடியும் தாண்டியும் எறிந்தும் தம் ஆற்றலை அளந்துகொள்ளும் இளையோர் தடகளப் போட்டிகளைப் பற்றியும், அவை பற்றிப் பெற்றோராகிய நாம் கொள்ள வேண்டிய கருத்தைப் பற்றியும் சில சொற்கள் கூற விரும்புகின்றேன்.

இப்போட்டிகளுள் தலையாயது உலக இளையோர் தடகளப் போட்டி. அது முதன்முதல் 1986ஆம் ஆண்டில் கிரேக்க நாட்டின் தலைநகராகிய ஏதென்ஸில் நடைபெற்றது. அது முதல் இரண்டு ஆண்டுகட்கு ஒருமுறை வெவ்வேறு நாடுகளில் நடைபெற்று வருகின்றது. போட்டி நிகழும் ஆண்டின் டிசம்பர் 31ஆம் நாளில் பதினாறு வயது நிரம்பி, இருபது நிரம்பாதவர்களே இதிற் கலந்துகொள்ளலாம். முதிராத உடலுக்கு ஏற்றவாறு சில கருவிகளின் எடையும் குறைக்கப்பட்டுள்ளது. முதிர்ந்த ஆடவர் எறியும் இரும்புக் குண்டு 7.26 கிலோகிராம் எடையுள்ளது. இளைஞர் எறிவதோ 6 கிலோகிராம். தட்டு, சங்கிலிக் குண்டு ஆகியவற்றுக்கும், தடையோட்டத்தில் வைக்கும் தடைகளின் உயரத்துக்கும் இவ்வாறே சலுகை உண்டு. இளமை என்பது வளரும் பருவம், அதனை முதிர்ந்தோரின் தராசில் நிறுக்கலாகாது என்பதே இவ்விதிகளின் உட்கருத்து.

இத்தகைய போட்டி எங்கோ கடல் கடந்த நாட்டில் நிகழ்வது, நமக்கு அதனோடு யாது தொடர்பு என்று எண்ணற்க. 2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 11 முதல் 13 வரை, தெற்காசிய நாடுகளுக்குரிய நான்காவது இளையோர் தடகளப் போட்டி நம் சென்னை ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் நடைபெற்றது. அதில் நம் நாட்டார் 21 தங்கம், 22 வெள்ளி, 5 வெண்கலம் ஆக 48 பதக்கங்கள் பெற்று முதலிடம் எய்தினர். நூறு மீட்டர் ஓட்டத்தைத் தமிழ்நாட்டைச் சேர்ந்த அபிநயா ராஜராஜன் 11.77 விநாடியில் ஓடி முடித்துத் தங்கம் பெற்றார். அதற்கு ஈராண்டு முன்னர், 2022இல், கொலம்பியா நாட்டுக் காலி நகரில் நடந்த உலகப் போட்டியில், மதுரை மாவட்டத்துச் செல்வப்பிரபு திருமாறன் மும்முறைத் தாண்டலில் 16.15 மீட்டர் தாண்டி வெள்ளிப் பதக்கம் கொணர்ந்தார். நம்மைப்போல் சோறுண்டு, நம் வெயிலில் வளர்ந்த பிள்ளைகளே இவர்கள்.

நிற்க. இவ்வெற்றிகளைக் கேட்டவுடன் நம்முள் இருவகை எண்ணங்கள் தோன்றுகின்றன. 'விளையாட்டு சோறு போடுமா?' என்று பிள்ளையைத் தடுப்பது ஒன்று. 'நம் பிள்ளையும் உடனே பதக்கம் கொணர வேண்டும்' என்று துரத்துவது மற்றொன்று. இவ்விரண்டும் தவறு என்பதே யான் இன்று வற்புறுத்தக் கருதுவது. இதனை விளக்குதற்கு நாம் வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் காலடியில் உள்ள சுரங்கமே போதும்.

இந்நெய்வேலிச் சுரங்கத்தைப் பண்டித ஜவாஹர்லால் நேரு அவர்கள் தொடங்கி வைத்தது 1957ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள். பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தென்பட்டதோ 1961ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளிலும் நம் தொழிலாளர் எடுத்தது யாது? மண், மண்ணேயன்றி வேறில்லை. அம்மண்ணைக் கண்டு, 'இதில் இலாபம் யாது?' என்று வேலையை நிறுத்தியிருந்தால், இன்று இம்மண்டபத்தில் விளக்கு எரியுமா? அதுவுமன்றி, கரிப்படுகையின் கீழ் மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும் நீரை இரவு பகலாக இறைத்துக் கொண்டேயிருத்தல் வேண்டும் என்பதைச் சுரங்கத்தில் பணிபுரியும் நீங்கள் அறிவீர்கள். அவ்விறைப்பை ஒருவரும் வந்து வேடிக்கை பார்ப்பதில்லை. அது நின்றாலோ சுரங்கமே நின்றுவிடும்.

இளையோர் தடகளமும் இத்தன்மைத்தே. பதினைந்து முதல் இருபது வரையுள்ள வயது மேல்மண் அகற்றும் காலம். விடியற்காலையில் எழுப்பிவிடும் தாயும், இரவு ஷிப்டு முடித்து வந்தும் உறங்காமல் பிள்ளையை மைதானத்துக்கு அழைத்துச் செல்லும் தகப்பனும், மாலைதோறும் விசிலுடன் நிற்கும் தேகப்பயிற்சி ஆசிரியரும் நீர் இறைப்போரை ஒப்பர்.

ஈட்டி எறிதலில் உலகறிந்த நீரஜ் சோப்ரா அவர்களின் சரித்திரம் இதற்குச் சான்று. ஹரியானாவில் உழவர் குடும்பத்திற் பிறந்த அவர், 2016ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள், போலந்து நாட்டு பிட்காஷ் நகரில் நடந்த உலக இளையோர் போட்டியில் 86.48 மீட்டர் எறிந்து தங்கம் பெற்றார். இளையோருக்குரிய உலக சாதனையையும் நாட்டினார். ஈட்டியின் எடையில் இளைஞர்க்குச் சலுகை இல்லை என்பதையும் கருதுக. எனினும், அவ்வாண்டு ரியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறுவதற்குரிய கடைசி நாள் ஜூலை 11 ஆதலின், அவர் அங்குச் செல்ல இயலாது போயிற்று. ரியோவில் வெண்கலம் பெற்றவர் எறிந்த தூரம் 85.38 மீட்டரே! பன்னிரண்டு நாள் வேற்றுமையால் வாய்ப்பு நழுவியது கண்டு அப்பிள்ளை மனம் உடைந்து வீட்டுக்குத் திரும்பியிருந்தால் யாது ஆகியிருக்கும்? அவர் ஐந்தாண்டு பொறுத்தார். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் டோக்கியோ நகரில் 87.58 மீட்டர் எறிந்து ஒலிம்பிக் தங்கத்தையே பெற்றார்.

ஜமைக்கா நாட்டு உசேன் போல்ட்டும் அவ்வாறே. 2002இல் தம் பதினைந்தாம் வயதில் கிங்ஸ்டன் நகரில் 200 மீட்டர் ஓட்டத்தில் உலக இளையோர் தங்கம் பெற்ற அவர், 2004ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் முதற் சுற்றிலேயே வெளியேறினார். அவர் ஒலிம்பிக் தங்கம் கண்டது 2008ஆம் ஆண்டில்தான். இளமையில் வென்றவர்க்கும் காத்திருத்தல் வேண்டியிருந்தது என்றால், இன்னும் வெல்லாதவர் காத்திருப்பதில் வியப்பென்ன?

இனி, தடுப்பதைப் பற்றிச் சொல்கின்றேன். தாய்மார்கள் பொறுமையுடன் கேட்க வேண்டும். பத்தாம் வகுப்பு வந்தவுடன் பையனை மைதானத்திலிருந்து அழைத்துக் கொள்கிறோம். பெண்ணையோ அதற்கும் முன்னரே, அவள் பருவம் எய்தியவுடன், அழைத்துக் கொள்கிறோம். 'பெண் பிள்ளை அரைக்காற் சட்டை அணிந்து ஓடினால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?' என்பது நம் கவலை. அஸ்ஸாம் மாகாணத்து திங் என்னும் ஊரில் நெல் பயிரிடும் உழவரின் மகள் ஹிமா தாஸ். 2018ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், பின்லாந்து நாட்டு டாம்பெரே நகரில் 400 மீட்டர் ஓட்டத்தில், கடைசி நேர்பாதையில் முன்னே சென்றோரைக் கடந்து 51.46 விநாடியில் முடித்துத் தங்கம் பெற்றார். உலக அளவிலான போட்டி ஒன்றில் ஓட்டப்பாதையில் இந்தியர் பெற்ற முதல் தங்கம் அதுவே. ஜான்ஸி நகரத்து ஷைலி சிங்கின் தாயார் தையல் வேலை செய்து, தனியொருவராக மூன்று குழந்தைகளை வளர்த்தவர். அவர் தம் சிறு பெண்ணைப் பயிற்சிக்காகப் பெங்களூருக்கு அனுப்பினார். அப்பெண் 2021இல் நைரோபி நகரில் நீளத் தாண்டலில் 6.59 மீட்டர் தாண்டி வெள்ளி பெற்றார். தங்கம் பெற்றவர் தாண்டியது 6.60, ஒரே ஒரு சென்டிமீட்டர்தான் வேற்றுமை. அந்த நாலு பேரின் சொல்லுக்கு அத்தாயார் அஞ்சியிருந்தால், அவ்வெள்ளி நமக்கு ஏது?

அடுத்து, துரத்துவதைப் பற்றி. பதக்க ஆசையால் சிலர் பிள்ளையின் வயதைக் குறைத்துச் சான்றிதழ் பெறுகின்றனர். பதினெட்டு வயதுப் பையனைப் பதினாறு என்று சொல்லி ஓடவிட்டால், அவன் வெல்லக்கூடும். ஆயின், பக்கத்தில் மெய்யாகவே பதினாறு வயதுடன் ஓடும் ஏழைப் பையனின் பரிசை அவன் திருடினவனாகின்றான். முதல் பொய்யைத் தன் தகப்பனிடமிருந்தே கற்றவனுமாகின்றான். எலும்பின் வளர்ச்சியைக் கொண்டு வயதைச் சோதிக்கும் முறையும் இந்நாளில் உண்டு. ஆகவே அப்பொய் நெடுநாள் நில்லாது.

மருந்துகளைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். 2000ஆம் ஆண்டில் சீலி நாட்டுச் சாண்டியாகோ நகரில் தட்டெறிதலில் தங்கம் பெற்ற சீமா ஆண்டிலிடமிருந்து, சளிக்கு உண்ணும் மருந்துகளில் உள்ள ஒரு பொருள் சோதனையில் காணப்பட்டமையால், அத்தங்கம் திரும்பப் பெறப்பட்டது. அவர் சோர்ந்து ஒதுங்கவில்லை. 2002இல் கிங்ஸ்டனில் வெண்கலம் பெற்றுப் பின்னர் ஒலிம்பிக் போட்டிகளிலும் கலந்துகொண்டார். ஆதலின், ஓடும் பிள்ளைக்கு இருமல் வந்தாலும் கடையில் கேட்டு மருந்து வாங்கிக் கொடாதீர்கள். மருத்துவரிடம், 'இவள் போட்டிக்குச் செல்பவள்' என்று சொல்லிக் கேட்டுக் கொடுங்கள்.

இறுதியாக ஒன்று. இதனை இம்மேடையிலேயே சொல்லுதல் தகும் என்று கருதுகின்றேன். ஹிமா தாஸ் தங்கம் பெற்ற நாட்களில், நம் நாட்டார் பலர் கணிப்பொறியில் தேடியது அவர் எத்தனை விநாடியில் ஓடினார் என்பதையன்று. அவர் எந்தச் சாதி என்பதையே! அச்செய்தி பத்திரிகைகளில் வெளிவந்தபோது வெட்கப்படாதார் யார்? நம் குலத்தார் நலத்தின் பொருட்டே இச்சங்கம் கூடியுள்ளது. ஏழை மாணவர்க்கு உதவுவதும், துன்பமுற்ற குடும்பங்களைத் தாங்குவதும் நல்ல பணிகளே. ஆயினும், வெற்றி பெற்ற பிள்ளையின் பெயரைக் கேட்டவுடன் 'நம்மவரா?' என்று வினவி, ஆம் எனில் கை தட்டி, அன்று எனில் வாளாவிருப்போமாயின், நம் சங்கம் நம்மைச் சிறியராக்கிவிட்டது என்றே பொருள்.

இந்நகரியத்தை நோக்குங்கள். பல கிராமத்தார் விட்டுக்கொடுத்த நிலத்தின்மேல் எழுந்தது இவ்வூர். இங்குக் குலத்துக்கு ஒரு தெரு இல்லை; எண்ணிட்ட வட்டங்களே உள. வேலையின் தரம் பார்த்து வீடு கொடுத்தார்களேயன்றிக் குலம் பார்த்துக் கொடுக்கவில்லை. காலி நகரில் ஆடவரும் பெண்டிரும் சேர்ந்து ஓடிய தொடரோட்டத்தில் தமிழ்நாட்டு பரத், கர்நாடகத்துப் பிரியா மோகன், கபில், உத்தரப் பிரதேசத்து ரூபல் சௌதரி ஆகிய நால்வரும் வெள்ளி பெற்றனர். கையிலிருந்த கோலை அடுத்தவரிடம் கொடுக்கும்போது, 'நீ யார்?' என்று கேட்க அவர்கட்கு நேரம் ஏது?

ஆகவே, இவ்வவையின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். சங்கத்தின் கல்வி நிதியில் ஒரு பகுதியை, மாவட்டப் போட்டி வரை செல்லும் பிள்ளைகளின் பயணம், காலணி, உணவு ஆகியவற்றுக்கென ஒதுக்குங்கள்; ஆணுக்கும் பெண்ணுக்கும் அதில் வேற்றுமை வேண்டாம். அடுத்த ஆண்டு முதல், நம் பிள்ளைகளுக்குப் பயிற்சியளிக்கும் தேகப்பயிற்சி ஆசிரியர் ஒருவரை, அவர் எக்குலத்தவர் ஆயினும், இம்மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துங்கள். மூன்றாவது வேண்டுகோள் ஒவ்வொரு வீட்டுக்கும் உரியது. உங்கள் மகள் பத்தாம் வகுப்புக்குப் பின்னும் ஓட விரும்பினால், இன்னும் ஓராண்டு அவளை ஓட விடுங்கள். அதற்குமேல் யான் கேட்கவில்லை. ஓராண்டு கழித்து அவளையே கேட்டு முடிவு செய்யுங்கள்.

அவள் உலகப் போட்டிக்குச் செல்லாமற் போகலாம். பல்லாயிரவர் ஓடினால் ஒருவரே அங்குச் செல்வர். எனினும் மற்றையோர் ஓடியது வீணன்று. திடமான உடலும், தோல்வியைத் தாங்கும் மனமும், பொய் கலவாத பெருமையும் அவர்கட்கு எஞ்சும். அவை இம்மேடையில் நாம் கொடுக்கும் பரிசுகளினும் நெடுநாள் நிற்கும்.