இறவாரத்துக்குக் கீழே நிற்பவர்: பக்கத்து வீட்டைப் பற்றிய சில பழைய ஆங்கிலச் சொற்கள்

(நம் குடியிருப்போர் சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பழைய ஆங்கிலச் சொற்களின் கதையைக் கொஞ்சம் பேசுங்கள் என்றார்கள். அகராதியைத் திறந்தால் அதற்கு முடிவே கிடையாது. நாமெல்லாம் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் வாழ்கிறவர்கள். ஆகவே வீட்டையும் பக்கத்து வீட்டையும் ஒட்டிப் பிறந்த சொற்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் எளிதான ஒன்று: 'விண்டோ'. இங்கிலாந்தில் வந்து குடியேறிய வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலிருந்து வந்த சொல் இது. அந்த மொழியில் இதற்குப் பொருள் 'காற்றின் கண்'. அன்று ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. சுவரில் ஒரு திறப்பு, அவ்வளவுதான். நம் பழந்தமிழில் ஜன்னலுக்குக் 'காலதர்' என்று பெயர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. இரண்டு சொல்லுக்கும் உறவு ஏதும் இல்லை. ஆனால் இரண்டு ஊர்க்காரர்களும் ஜன்னலைப் பார்த்ததும் காற்றைத்தான் நினைத்திருக்கிறார்கள்.

அடுத்தது 'கர்ஃப்யூ'. 2020-க்குப் பிறகு நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரிந்த சொல். காதில் விழுந்தாலே போலீஸும் வெறிச்சோடிய தெருவும்தான் நினைவுக்கு வரும். இதன் வேர் பழைய பிரெஞ்சு மொழி. பொருள் 'நெருப்பை மூடு'. இடைக்கால ஐரோப்பாவின் ஊர்களில் வீடுகள் மரத்தால் ஆனவை, கூரை பெரும்பாலும் வைக்கோல். ஒரு வீட்டு அடுப்பில் கிளம்பும் பொறி தெருவையே எரித்துவிடும். அதனால் இரவு குறிப்பிட்ட நேரத்தில் மணி அடிப்பார்கள். கேட்டதும் எல்லோரும் அடுப்புத் தணலை மூடிவிட வேண்டும். மூடுவதற்கென்றே இருந்த உலோக மூடிக்கும் இதே பெயர்தான். என் வீட்டு அடுப்பு என் சொந்த விஷயம் மட்டும் இல்லை என்று ஊர் ஒப்புக்கொண்ட சொல் இது. மாடிப்படியில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைக்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது 'ஈவ்ஸ்டிராப்பர்'. ஒட்டுக்கேட்பவர். 'ஈவ்ஸ்' என்றால் இறவாரம், சுவரைத் தாண்டி நீண்டிருக்கும் கூரை விளிம்பு. அதிலிருந்து மழைநீர் சொட்டும் இடத்துக்குத்தான் முதலில் 'ஈவ்ஸ்டிரிப்' என்று பெயர். நம் கூரைத் தண்ணீர் அடுத்தவர் மண்ணில் விழக்கூடாது என்பதற்காக எல்லையில் இரண்டடி விட்டுக் கட்டுவது வழக்கம். கென்ட் பகுதியில் 868-ஆம் ஆண்டில் எழுதிய ஒரு பட்டயத்திலேயே இது இருக்கிறது. இன்று 'செட்பேக்' என்று கட்டட அனுமதியில் எழுதுகிறோமே, அதன் மூத்த அண்ணன்.

அடுத்தவருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று விட்ட அந்த இரண்டடியில் ஒருவர் போய் நின்று, சுவரில் காதை வைத்தார். அவர்தான் ஈவ்ஸ்டிராப்பர். ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தில் இது குற்றம். கேட்டதை வைத்துக் கதை கட்டி, அக்கம்பக்கத்தின் நிம்மதியைக் கெடுக்கிறார் என்பதுதான் முக்கியமான புகார். வம்பு வழக்குகளைத் தொடர்ந்து மூட்டிவிடுகிறவருக்கு 'பேரட்டர்' என்று பெயர், அதுவும் குற்றம். (யாரும் யாரையும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.) இரண்டையும் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது 1967-ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டம்.

சட்டம் போனாலும் இறவாரம் போகவில்லை. எதிர்வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் கேமராவும், யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் போடும் ஒரு வரியும் அந்த இரண்டடியில் நிற்பவைதான். கேமரா வைப்பது தவறில்லை. அது நம் வாசலைப் பார்க்கட்டும்.

கடைசியாக 'நெய்பர்'. பழைய ஆங்கிலத்தில் 'நை' என்பதற்கு அருகில் என்று பொருள். இன்று பழைய நூல்களில்தான் அதிகம் தென்படும். அதனோடு குடியிருப்பவர், குடியானவர் என்ற பொருளுள்ள சொல் சேர்ந்து, 'அருகில் குடியிருப்பவர்' ஆனது. நண்பர் என்றோ உறவினர் என்றோ அதில் இல்லை. பிடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. அருகில் இருக்கிறார், அதுவே போதும்.

அந்த 'நை'யிலிருந்து வந்தவைதான் 'நியர்', 'நெக்ஸ்ட்' இரண்டும். நை என்றால் அருகில். நியர் என்றால் இன்னும் அருகில். நெக்ஸ்ட் என்றால் எல்லாரையும்விட அருகில். பிறகுதான் 'நெக்ஸ்ட்' என்பதற்கு 'அடுத்தது' என்ற பொருள் வந்தது.

அப்படியானால் 'நெக்ஸ்ட் டோர்' என்பது உலகத்திலேயே நமக்கு மிக அருகில் இருக்கும் கதவு. இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால், அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையைவிட முதலில் வந்து நிற்கக்கூடியவர் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறார். நம் கட்டடத்தில் தனியாக இருக்கும் பெரியவர்கள் பலருக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த வாரம் எதிர்வீட்டு மணியை ஒருமுறை அடியுங்கள். பெயரையும் போன் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், உங்களுடையதையும் கொடுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.