பரங்கிமலைச் சிலுவையை வைத்தவர் யார்?

(கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரத்தையொட்டி வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை)



ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவர்களின் ஒன்றிப்புக்காகச் செபிக்கிறோம். உண்மையைச் சொன்னால், பல பங்குகளில் இந்த வாரம் விசுவாசிகளின் மன்றாட்டில் ஒரேயொரு மன்றாட்டோடு முடிந்துவிடுகிறது. பொங்கல் விடுமுறை முடிந்த அசதி ஒருபக்கம், பிள்ளைகளின் தேர்வுக் கவலை ஒருபக்கம். இன்று உங்களை ஒரு மலைக்கு அழைத்துப் போகிறேன். நம்மில் பெரும்பாலோர் பலமுறை ஏறியிருக்கும் பரங்கிமலைதான் அது.

சோழவரத்திலிருந்து தவக்காலத் திருப்பயணம் போகிறவர்களுக்கு வழி பழக்கமானது. செங்குன்றம், புழல் தாண்டி, புறவழிச்சாலையில் போரூர் வரை வந்து, அங்கிருந்து பூந்தமல்லி சாலையில் மலையடிவாரம். படிகளில் சிலுவைப்பாதை செய்துகொண்டே ஏறுகிறோம். மேலே போனதும் பிள்ளைகள் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களைப் பார்க்க ஓடுவார்கள். பெரியவர்கள் கோவிலுக்குள் போய், பீடத்தில் பதிக்கப்பட்ட கற்சிலுவையைத் தொட்டுக் கும்பிட்டு, மெழுகுதிரி ஏற்றி வைத்துவிட்டு வெளியே வந்து கட்டுச்சோற்றைப் பிரிப்பார்கள். நல்லதுதான். ஆனால் அந்தச் சிலுவையை யார் செதுக்கினார், யார் வைத்தார் என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

அடுத்த முறை போகும்போது சற்று நின்று பாருங்கள். அதில் ஆண்டவரின் திருவுடல் இல்லை. சிலுவையின் நான்கு முனைகளும் மொட்டுப்போல் விரிகின்றன. அடியில் தாமரை இதழ்கள். மேலிருந்து ஒரு புறா இறங்கி வருகிறது. இருபுறமும் தூண்கள், தூண்களின் மேல் வளைவு, நம் ஊர்க் கோவில்களின் திருவாசியைப் போல. அந்த வளைவைச் சுற்றி எழுத்துகள் ஓடுகின்றன. தமிழும் அல்ல, இலத்தீனும் அல்ல.

1547-ஆம் ஆண்டு போர்த்துக்கீசியர் மலையுச்சியில் ஆலயம் கட்ட அடித்தளம் தோண்டியபோது இந்தக் கல் மண்ணுக்கடியில் கிடைத்தது. 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலி நடந்துகொண்டிருந்தபோது அது வியர்த்தது என்றும், 1704 வரை பலமுறை அப்படி நிகழ்ந்தது என்றும் மலையின் வரலாறு சொல்கிறது. அதனால்தான் அதை இரத்தம் வியர்த்த சிலுவை என்கிறோம். இந்தப் புதுமை பற்றி நிறையப் பேசுகிறோம். எழுத்துகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கண்டெடுத்த காலத்தில் அந்த எழுத்துகளைப் படிக்கக்கூடியவர் இங்கே இல்லை. புனித தோமையாரின் வரலாறே அதில் எழுதியிருக்கிறது என்று ஒரு நீண்ட விளக்கம் சொல்லப்பட்டு, மக்களும் நெடுங்காலம் அதை நம்பினார்கள். 1873-இல் ஆர்தர் பர்னெல் என்ற அறிஞர் இது பஹ்லவி, அதாவது பழைய பாரசீக மொழி என்று எடுத்துக்காட்டினார். அதன்பின் அறிஞர்கள் பலர் பலவிதமாகப் படித்தார்கள். 1920-களில் விங்க்வர்த் என்பவர் படித்த முறைப்படி அது மிகச் சிறிய மன்றாட்டு. சஹர்புக்தின் மகன் அப்ராஸ் என்ற சிரியாக்காரர் ஒருவர், இந்தச் சிலுவையை அமைத்தவர், ஆண்டவர் தன்மேல் இரங்க வேண்டும் என்று கேட்கிறார். அவ்வளவுதான்.

எனக்கு இது அந்த நீண்ட விளக்கத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது. சிரியாவைச் சேர்ந்த ஒருவர் பாரசீக மொழியில், தமிழ்நாட்டுக் கல்லில், தமிழ்நாட்டுத் தாமரையின்மேல் சிலுவையை நட்டுத் தன் பாவத்துக்கு இரக்கம் கேட்டிருக்கிறார். போர்த்துக்கீசியர் இந்தக் கரையில் காலெடுத்து வைப்பதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்னால்! ஆனால் மலைக்குப் பெயர் மட்டும் பரங்கியர் பெயராகிவிட்டது.

இந்த அப்ராஸ் எந்தச் சபைக்காரர்? பாரசீகத்தில் வேரூன்றியிருந்த கீழைச் சபை. மேலைநாட்டார் அவர்களை நெஸ்தோரியர் என்றார்கள். மயிலையில் தோமையாரின் கல்லறையைக் காத்துவந்தவர்களும் இந்தக் கீழைக் கிறிஸ்தவர்களே. 6-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் தூர் நகர ஆயராக இருந்த புனித கிரகோரி, இந்தியாவுக்கு வந்து திரும்பிய தெயொதோர் என்பவர் தம்மிடம் சொன்னதை எழுதி வைத்திருக்கிறார். தோமையாரின் உடல் முதலில் வைக்கப்பட்ட இடத்தில் ஒரு துறவு மடமும், மிகப் பெரிய ஆலயமும் இருந்தனவாம். கல்லறைமுன் ஒரு விளக்கு இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்ததாம். மடம் என்றால் மணியடித்து எழுந்து, சங்கீதம் பாடி, நோன்பிருந்து, யாத்திரை வருகிறவர்களுக்குச் சோறு போடுகிற துறவியர் இருந்திருக்கிறார்கள் என்று பொருள்.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். 1291-இல் பிரான்சிஸ்கன் துறவி மொந்தேகொர்வீனோ ஜான் சீனாவுக்குப் போகும் வழியில் 13 மாதங்கள் இந்தியாவில் தங்கினார். உடன் வந்தவர் பிஸ்தோயா நகர நிக்கோலாஸ் என்ற தொமினிக்கன் துறவி. அவர் இங்கேயே இறந்துபோனார். எங்கே அடக்கம் செய்தார்கள்? புனித தோமையார் ஆலயத்தில். உரோமையிலிருந்து வந்த நம் துறவிக்கு ஆறடி மண் கொடுத்தது கீழைக் கிறிஸ்தவர்களின் ஆலயம். அவர் எந்தச் சபை, எங்கள் கல்லறையில் அவருக்கு இடமுண்டா என்று விசாரணை நடந்ததாக ஜான் எழுதிய கடிதத்தில் இல்லை.

பிறகு நடந்தது நமக்குப் பெருமை தருவதல்ல. கேரளத்தின் தோமையார் கிறிஸ்தவர்கள் சிரியாக் மொழியில் வழிபட்டு, பாரசீகத்திலிருந்து வந்த ஆயர்களை ஏற்று வாழ்ந்தவர்கள். 1599-இல் கோவாப் பேராயர் மெனேசிஸ் உதயம்பேரூரில் கூட்டிய மன்றம் அவர்களுடைய வழிபாட்டைத் திருத்தியது, நூல்களை எரிக்கக் கட்டளையிட்டது. விசுவாசத்தைக் காப்பதாகத்தான் அவர் நினைத்திருப்பார். ஆனால் ஒரு மக்கள்கூட்டத்தின் செபப் புத்தகத்தை எரித்துவிட்டு அவர்களோடு ஒன்றிப்பை எப்படிக் கட்டுவது? 1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் கூனன் சிலுவையின்முன் அவர்கள் சத்தியம் செய்து பிரிந்தார்கள். பலர் பின்னர் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் திரும்பினார்கள். திரும்பாதவர்களிடம் 1665-இல் அந்தியோக்கியாவின் சிரியன் ஆர்த்தடாக்ஸ் சபையிலிருந்து ஓர் ஆயர் வந்தார். இன்று கேரளத்தில் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயா என்று நாம் அறிகிறவர்கள் அந்த வழியில் வந்தவர்கள்.

அந்த ஆர்த்தடாக்ஸ் சபைக்கும் ஒரு மலை உண்டு. ஈராக்கில் மோசூல் நகருக்கு அருகே அல்பாப் மலையில் மார் மத்தாய் மடம் இருக்கிறது. 4-ஆம் நூற்றாண்டில், 363-இல் தொடங்கப்பட்டது என்பது அவர்கள் மரபு. பாறைச் சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கும் மடம். எத்தனையோ படையெடுப்புகளைக் கண்டது. 2014-இல் மோசூல் பயங்கரவாதிகள் கையில் விழுந்தபோது, உயிர் தப்பிய கிறிஸ்தவக் குடும்பங்கள் ஏறிப்போய் ஒதுங்கிய இடங்களில் அதுவும் ஒன்று. அந்த மண்ணிலிருந்துதான் 1685-இல் பசேலியோஸ் எல்தோ என்ற முதிய தலைமை ஆயர் கேரளத்துக்கு வந்தார். கோதமங்கலம் வந்து சேர்ந்த சில நாள்களிலேயே இறந்தார். அவர் கல்லறைக்கு இன்றும் மக்கள் கால்நடையாகத் திரண்டு போகிறார்கள். நம் தொழிற்பேட்டையில் எல்தோ என்ற பெயருள்ள மலையாளத் தொழிலாளி ஒருவரைச் சந்தித்தால், அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று இனி உங்களுக்குத் தெரியும்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? செங்குன்றம் முதல் கும்மிடிப்பூண்டி வரை கிடங்குகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலைக்கு வந்திருக்கிற ஆர்த்தடாக்ஸ் சகோதரர்கள் ஞாயிறன்று பக்கத்துக் கத்தோலிக்க ஆலயத்துக்கு வருகிறார்கள். கடைசி வரிசையில் நின்று, வலமிருந்து இடமாக இல்லாமல் நம்மைப் போலவே இடமிருந்து வலமாகச் சிலுவை வரைந்து, பூசை முடிந்ததும் யாரோடும் பேசாமல் போய்விடுகிறார்கள். ஒருநாள் பங்கு மக்களில் ஒருவர் என்னிடம், "ஃபாதர், அவங்க நம்ம ஆளுங்க இல்லையே, எதுக்கு இங்க வர்றாங்க?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. தெரியாமல் கேட்டார்.

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். நாம் தொட்டுக் கும்பிடும் பரங்கிமலைச் சிலுவையில் உள்ள அதே மன்றாட்டு, கோட்டயம் வலிய பள்ளியில் ஒரு கற்சிலுவையிலும் இருக்கிறது. அந்தப் பள்ளி இன்று சிரியன் ஆர்த்தடாக்ஸ் வழியினரின் கையில் இருக்கிறது. அவர்கள் வீட்டுச் சிலுவையும் நம் வீட்டுச் சிலுவையும் ஒரே செபத்தைச் சொல்கின்றன.

திருச்சபையின் சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1984-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் சிரியன் ஆர்த்தடாக்ஸ் முதுபெரும் தந்தை முதலாம் சாக்காவும் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். தங்கள் சபையின் குருவை அணுக முடியாத நிலையில் இருக்கும் விசுவாசிகள், மற்ற சபையின் குருவிடம் ஒப்புரவு, நற்கருணை, நோயில்பூசுதல் ஆகிய அருளடையாளங்களைக் கேட்டுப் பெறலாம். அப்ராஸின் கீழைச் சபையோடும் 1994-இல் கிறிஸ்துவைப் பற்றிய பொது அறிக்கை வெளியானது. நம் சட்டத் தொகுப்பின் 844-ஆம் எண்ணும், கீழைச் சபையினர் தாமாகக் கேட்டு, தகுந்த உள்ளத்தோடு வந்தால் இந்த அருளடையாளங்களைக் கொடுக்கலாம் என்கிறது. நாம் இழுத்துவரக் கூடாது, அவர்கள் சபையின் ஒழுங்கை மதிக்க வேண்டும். கேட்பவரைத் துரத்தவும் கூடாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வரிசை வீட்டிலோ, வேலையிடத்து விடுதியிலோ ஒரு ஆர்த்தடாக்ஸ் சகோதரர் நோய்வாய்ப்பட்டுப் படுத்திருந்தால், குருவைக் கூப்பிடட்டுமா என்று அவரிடம் கேளுங்கள். சரி என்றால் எந்த நேரமானாலும் பங்குத்தந்தைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். தன் சபைக் குருதான் வேண்டும் என்றால், சென்னையில் அவர்களுக்கும் ஆலயங்கள் உண்டு, அங்கே தகவல் சொல்லி ஒருவரை அழைத்துவர உதவுங்கள். இறந்துபோனால் ஊருக்கு உடலை அனுப்புவது வரை அந்தக் குடும்பத்தோடு நில்லுங்கள்.

தவக்காலத்தில் வழக்கம்போல் பரங்கிமலைக்கு வேன் புறப்படும். கடைசி வரிசையில் நிற்பவர்களிடமும் போய், வருகிறீர்களா என்று கேட்டு, அவர்கள் பெயரையும் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள். மலைமேல் போனபின், அந்தச் சிலுவையின் முன்னால் அவர்கள் சிரியாக் மொழியில் ஒரு பாட்டுப் பாடட்டும். நாம் கேட்போம்.