கட்டுநாயக்காவுக்குப் போகும் முன் வங்கிக்குப் போங்கள்

(வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட இருக்கும் தோட்டப் பெண்களுக்காக எமது மகளிர் பிரிவு அட்டனில் நடத்திய கூட்டத்தில், குவைத்தில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்து திரும்பிய தோழி ஒருவர் ஆற்றிய உரை.)



"அக்கா, உங்க குவைத் அனுபவத்தைச் சொல்லுங்க" என்றுதான் சங்கத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். அனுபவம் நிறைய இருக்கிறது. அழுது முடிக்க ஒரு நாள் போதாது. இன்றைக்கு வங்கியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நான் 2009இல் போனேன். சப் ஏஜென்ட் வீட்டுக்கு வந்து மெடிக்கல் எடுத்தாயா, கடவுச்சீட்டு வந்ததா, போட்டோ இருக்கிறதா என்று பத்துத் தடவை கேட்டார். எந்த வங்கியில் உன் பேரில் கணக்கு இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பதினெட்டு வயதிலிருந்து கொழுந்து எடுத்தவள் நான். சம்பள நாளில் வரிசையில் நின்று காசை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தவளுக்கு வங்கி எதற்கு?

குவைத்தில் முதல் சம்பளம் கையில் கிடைத்தது. மேடத்தின் டிரைவர் வெள்ளிக்கிழமை என்னைக் காசு மாற்றும் கடைக்குக் கூட்டிப் போனார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பையன், "யார் பேருக்கு? எந்த வங்கி? கணக்கு இலக்கம்?" என்று கேட்டான். எங்கள் லயத்தில் கணக்கு வைத்திருந்தவர் என் அண்ணன் ஒருவர்தான். போன் போட்டு இலக்கத்தைக் கேட்டுக் கொடுத்தேன். நாலு வருசம் அந்தக் கணக்குக்கே அனுப்பினேன்.

2013இல் லீவில் வந்தேன். லயன் காம்பராவுக்குப் புதுத் தகரம் போட்டிருந்தார்கள். லீசிங்கில் எடுத்த திரீவீலரைக் கட்டணம் கட்டாததால் கொண்டு போயிருந்தார்கள். மகளுக்குச் சடங்கு செய்திருந்தார்கள், அது நல்லது. மிச்சம் எவ்வளவு என்று பார்க்க வங்கிக்குப் போனேன். அங்கிருந்த பிள்ளை மரியாதையாகத்தான் சொன்னது: "அம்மா, கணக்கு உங்க பேர்ல இல்லையே. எங்களால சொல்ல ஏலாது." அந்தப் பிள்ளை செய்தது சரி. உழைத்தவள் நான் என்பது வங்கிக்குத் தெரியாது. புத்தகத்தில் யார் பேர் இருக்கிறதோ அவருக்குத்தான் காசு.

என் அண்ணன் திருடரில்லை. இதை எல்லா மேடையிலும் சொல்வேன். காசு கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தால் மரணவீடு வரும், திருவிழா வரும், யாராவது கடன் கேட்டு வாசலில் நிற்பார்கள். இல்லையென்று சொல்வது எப்படி? அதனால் ஆளை மாற்றிப் பயனில்லை. அண்ணன் கையிலிருந்து புருசன் கைக்கும், புருசன் கையிலிருந்து அம்மா கைக்கும் மாற்றினாலும் அதே கதைதான்.

ஆகவே, போகும் முன் இரண்டு கணக்கு திறந்துகொள்ளுங்கள். ஒன்று வீட்டுச் செலவுக்கு. அதன் அட்டையை வீட்டில் கொடுத்துவிட்டுப் போகலாம். மற்றது உங்கள் பேரில் மட்டும். அதன் அட்டையும் இரகசிய இலக்கமும் உங்களோடு விமானம் ஏறட்டும். சம்பளம் முழுவதும் உங்கள் கணக்குக்கே வரவேண்டும். அங்கிருந்து மாதாமாதம் இவ்வளவு வீட்டுக் கணக்குக்குப் போகட்டும் என்று வங்கியில் நிலையான கட்டளை எழுதிக் கொடுக்கலாம். அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. அப்படிச் செய்தால் யாரோடும் சண்டை பிடிக்கத் தேவையில்லை. "வங்கி அனுப்புறது அவ்வளவுதான்" என்று சொல்லிவிடலாம். இரண்டாவது பயணத்தில் நான் அப்படித்தான் செய்தேன். இப்போது குடியிருக்கிற வீடு அதில் கட்டியது.

எந்த வங்கி? எல்லோரும் கிட்ட இருக்கிற கிளையைச் சொல்கிறார்கள். நீங்கள்தான் ஊரில் இருக்கப்போவதில்லையே, கிட்ட இருந்து என்ன? நீங்கள் போகிற நாட்டில் எந்தக் காசு மாற்றும் கடைகளோடு அந்த வங்கிக்குத் தொடர்பு இருக்கிறது என்று கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து போன் எடுத்தால் தமிழில் பதில் சொல்வார்களா என்று கேளுங்கள். தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புக்கு அரசாங்கம் முழு உத்தரவாதம் கொடுக்கிறது. தபாலகத்திலும் அதன் வேலைகள் நடக்கும், வீட்டுக் கணக்குக்கு அது வசதி. மற்ற வங்கிகளில் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் ரூபாய் வரைதான். மூன்று நாலு வருசம் உழைத்தால் நீங்கள் அந்தத் தொகையைத் தாண்டுவீர்கள், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிற இடங்கள் வேறு. முதலாவது பேர். பிறப்புச் சான்றிதழில் லெட்சுமி, அடையாள அட்டையில் லக்சுமி, கடவுச்சீட்டில் லச்சுமி. எழுதினவர்கள் எழுதின மாதிரி. கடவுச்சீட்டில் உள்ள பேரும் வங்கிப் புத்தகத்தில் உள்ள பேரும் ஒரு எழுத்துக்கூட மாறாமல் இருக்கவேண்டும். இல்லையென்றால் அனுப்பிய காசு நடுவழியில் நிற்கும். குவைத்தில் ஒரு பொகவந்தலாவைப் பிள்ளை இரண்டு மாதச் சம்பளத்துக்காக ஆறு மாதம் அலைந்தது.

இரண்டாவது விலாசம். லயத்துக்கு வருகிற கடிதம் தோட்டக் காரியாலயத்துக்குப் போய், அங்கே மேசையில் கிடந்து, யார் கையிலாவது வந்து சேரும். வங்கிக் கடிதத்தை அப்படி விடலாமா? நம்பிக்கையான ஒருவரின் டவுன் விலாசத்தைக் கொடுங்கள்.

மூன்றாவது போன் இலக்கம். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். படிவத்தில் புருசனின் இலக்கத்தை எழுதினால், காசு வந்த செய்தியும் எடுத்த செய்தியும் அவருக்குத்தான் போகும். இரகசியக் குறியீடும் அவருக்கே. உங்கள் சொந்த சிம் இலக்கத்தைக் கொடுங்கள். அந்த சிம்முக்கு ரோமிங் போட்டுவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் அங்கே குறியீடு வராது. சிம் செத்துப்போகாமல் இடைக்கிடை ரீலோட் பண்ணவும் வேண்டும்.

சொல்லக் கூடாததுதான், ஆனாலும் சொல்கிறேன். கணக்குக்குப் பின்னுரித்தாளியின் பேரையும் பதியச் சொல்லுங்கள். எல்லோரும் உயிரோடு திரும்பி வருவதில்லை. பிள்ளைகள் நீதிமன்றம் ஏறி இறங்க வேண்டாம்.

இனி, போகிற நாட்டின் வங்கி. அங்கே நீங்கள் வங்கியைத் தேர்ந்தெடுக்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள், முதலாளி சொல்வதுதான். டுபாய்ப் பக்கம் பல வங்கிகள் கணக்கில் 3,000 திர்ஹாமோ அதற்கு மேலோ எப்போதும் இருக்கவேண்டும் என்று கேட்கும். குறைந்தால் மாதாமாதம் வெட்டும். வீட்டு வேலைக்காரிக்கு அது சரிவராது. சம்பள அட்டை தருகிறார்களா என்று கேளுங்கள். சவூதியில் 2024 ஜூலையிலிருந்து வீட்டுப் பணியாளர் சம்பளத்தை முசானெட் என்ற தளத்தின் வழியாக வங்கிக்கோ போன் வாலட்டுக்கோ போடும் முறையைப் படிப்படியாகக் கொண்டு வந்தார்கள். இது நமக்கு நல்லது. சம்பளம் கொடுத்தேன், கொடுக்கவில்லை என்ற வழக்கில் வங்கிப் பதிவு நமக்குச் சாட்சி. ஆனால் அட்டையை மேடம் வாங்கி வைத்துக்கொண்டால் அந்தச் சாட்சி நமக்கு எதிராகத் திரும்பிவிடும். கணக்கில் சம்பளம் விழுந்திருக்கும், எடுத்தது யார் என்று தெரியாது. இக்காமாவைக் கேட்பதுபோல அட்டையையும் கேட்டு வாங்குங்கள். யாருக்காகவும் அங்கே கடனுக்குக் கையெழுத்து வைக்காதீர்கள். கடன் நின்றால் விமான நிலையத்தில் உங்களைத் திருப்பி அனுப்புவார்கள்.

அங்கேயே காசைச் சேர்த்து வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு லெபனானைக் காட்டுவேன். 2019இல் அங்கே வங்கிகள் டொலரைக் கொடுக்காமல் நிறுத்தின. ஒரு டொலர் 1,507 லிரா என்று இருந்தது, சில வருசத்தில் சந்தையில் பத்தாயிரக்கணக்கில் போனது. டொலரில் பேசிய சம்பளத்தை லிராவில் வாங்கிய நம் பெண்கள் வெறுங்கையோடு வந்தார்கள். அங்கே செலவுக்கு மட்டும் வையுங்கள்.

அனுப்பும்போது "கட்டணம் இல்லை" என்ற பலகையைப் பார்த்து நிற்காதீர்கள். என் கையில் நூறு தினார் இருக்கிறது, ஊரில் எத்தனை ரூபாய் விழும் என்று ஒரே கேள்வி கேளுங்கள். கட்டணம் வாங்காத கடை தினாருக்கு எட்டு ரூபாய் குறைத்துப் போட்டால் நூறு தினாருக்கு 800 ரூபாய் போய்விடும். பக்கத்துக் கடையிலும் கேளுங்கள். இலங்கை வங்கிகளுக்கு அரபு நாட்டு வங்கிகள்போல ஐபான் இலக்கம் கிடையாது. கேட்டால் பயப்படாமல் கணக்கு இலக்கம், கிளையின் பேர், வங்கியின் ஸ்விப்ட் குறியீடு மூன்றையும் கொடுங்கள். போகும் முன் இவற்றை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உண்டியலைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். நானும் அனுப்பியிருக்கிறேன், பொய் சொல்லமாட்டேன். 2022 தொடக்கத்தில் வங்கியில் டொலருக்கு 200 ரூபாய் சொச்சம். உண்டியலில் அதைவிடக் கூட. அந்த நேரத்தில் நம்மைத் துரோகிகள் என்று திட்டினவர்களும் உண்டு. நாட்டின் டொலரை யார் தீர்த்தார்கள் என்பது வேறு கதை. ஆனால் உண்டியலில் பற்றுச்சீட்டு இல்லை. உங்கள் கணக்கில் யாரோ முகம் தெரியாதவர் காசு போடுவார். அது மோசடிக் காசாக இருந்தால் பொலிஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது வெளிநாட்டு வருமானம் என்று காட்ட ஒரு துண்டும் இருக்காது.

வெளிநாட்டு நாணயக் கணக்கும் திறக்கலாம். பழைய ஆட்கள் என்.ஆர்.எவ்.சி. என்பார்கள். 2017 சட்டத்துக்குப் பிறகு அதன் பேர் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு. காசு டொலராகவே கிடக்கும். 2022 மார்ச்சில் ரூபாய் விழுந்து மே மாதம் டொலர் 360 வரை போனபோது அதில் வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். பிறகு 300 பக்கம் இறங்கியது. ஆகவே எல்லாவற்றையும் அதில் போடாதீர்கள், பாதியைப் போட்டால் போதும்.

வங்கியோடு பிரச்சினை என்றால் மத்திய வங்கியின் 1935. வேலையிடத்தில் பிரச்சினை என்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989. இரண்டையும் இப்போதே போனில் பதியுங்கள்.

தேத்தண்ணி தயாராகிவிட்டது என்று கைகாட்டுகிறார்கள். குடித்துவிட்டு உடனே கிளம்பாதீர்கள். கடவுச்சீட்டும் அடையாள அட்டையும் கொண்டு வந்தவர்கள் அந்தப் பக்க மேசைக்கு வாருங்கள். பேர் ஒத்திருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். ஒத்திராதவர்களுக்கு என்ன செய்யலாம் என்று மகளிர் பிரிவுத் தங்கச்சி சொல்லித் தருவார்.