சிறு வகுப்புக்கு டீச்சர், பெரிய வகுப்புக்கு சார்



"வாத்தியார் வேலை பெண்கள் கைக்கு வந்தாயிற்று, இன்னும் என்ன சமத்துவம்?" என்று கேட்பவர்கள் உண்டு. 2019-20இல் இந்தியப் பள்ளிகளில் ஆசிரியைகள் முதன்முறையாக ஆண்களை முந்தினார்கள். சுமார் 97 லட்சம் ஆசிரியர்களில் 49 லட்சத்துக்குச் சற்று மேல். அதே கணக்கை வகுப்புவாரியாகப் பிரித்தால் சங்கதி வேறு. மழலையர் வகுப்புகளில் ஒரு லட்சம் பெண்கள், வெறும் 27 ஆயிரம் ஆண்கள். மேல்நிலையிலோ 3.7 லட்சம் ஆண்கள், 2.8 லட்சம் பெண்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கும் நிரையில் பெண்கள், மேற்பார்வைக்கு ஆண் மேஸ்திரி என்ற தோட்டத்து வழக்கத்திலேயே வளர்ந்த நீலகிரி மலை இது. பள்ளியிலும் அதே ஏற்பாடு நம் கண்ணை உறுத்தாததுதான் என் கவலை.

"பதவி உயர்வு கொடுத்தாலும் பெண்களே வேண்டாமென்கிறார்களே" என்பது அடுத்த வாதம். குன்னூரில் குடியிருக்கும் ஆசிரியைக்குப் பந்தலூர்ப் பக்கம் தலைமையாசிரியர் பணியிடம் வருகிறது என்று வையுங்கள். ஊட்டி, நடுவட்டம், கூடலூர் என்று மலை ஏறி இறங்கிப் போக வேண்டும். ஆடி மழையில் மரம் சாய்ந்தால் பஸ் நின்றுவிடும். பொழுது சாய்ந்தால் யானை நடமாட்டம். தினம் போய்வர முடியாத தூரம். அதே ஆணை கணவருக்கு வந்தால் அங்கே அறை எடுத்துத் தங்குகிறார்; வீட்டையும் பிள்ளையையும் மனைவி பார்த்துக்கொள்கிறார். ஆசிரியைக்கு அப்படிப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பதவி உயர்வு வேண்டாமென்னும் உரிமைவிடல் கடிதத்தில் கையெழுத்து அவருடையது. அதை அவர் விருப்பம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமிழ்நாடு 1989இல் அரசு வேலையில் பெண்களுக்குக் கொடுத்த 30 விழுக்காடு இட ஒதுக்கீடு பெரிய சாதனை. ஆனால் அது வேலைக்குள் நுழையும் வாசல். மேலே ஏறும் படியை அது தொடவில்லை.

ஆண் பிள்ளைகளுக்கு ஆண் ஆசிரியரும் தேவை என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் ஒன்றாம் வகுப்புக்கும் ஆண்கள் வரட்டும். அகரம் எழுதக் கையைப் பிடித்துக் கற்றுத்தருவதற்குத் தாய்மை வேண்டியதில்லை, பயிற்சி வேண்டும். அதற்குத்தான் நீங்கள் இன்று பெறும் இந்த ஆசிரியர் பட்டம்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத சிக்கலுக்கு வருவோம். 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. 2017இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டமும் 50 பேர் என்றே கணக்கு வைத்தது. மலைக்கிராமப் பள்ளி எதில் 50 ஆசிரியர்கள் இருக்கிறார்கள்? அக்கம்பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்து எண்ணி, ஒன்றியத்துக்கு ஒரு காப்பகமும், கூடலூர், பந்தலூரில் ஆசிரியர் குடியிருப்பும் கேளுங்கள். நாளை நீங்கள் எந்த ஆசிரியர் சங்கத்தில் சேர்ந்தாலும், ஆண்களும் பெண்களுமாகச் சேர்ந்து, முதல் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.